கெடு வைக்காத வேண்டுதல்

குன்தேயின் வாய்க்கொழுப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் சந்தை கலைகிறவரை சொல்லிக்கொண்டிருக்கலாம். ஷீலுவோ சந்தையில் அவன் கடையும் என் கடையும் பக்கத்துப் பக்கத்துக் கடைகள். அவன் விற்பது பன்றிக்கறிச் சோறு. கொழுப்போடு பொடிப்பொடியாக நறுக்கிய கறியை சோயா சாற்றில் காலையிலிருந்து கொதிக்கவிட்டு, சுடுசோற்றின்மேல் ஒரு கரண்டி ஊற்றி, பொரித்த சின்ன வெங்காயத்தைத் தூவித் தருவான். நான் விற்பது டோஃபு, சோயாப் பாலைத் திரித்துச் செய்த வெள்ளைக் கட்டி. என் தட்டைப் பார்த்தாலே அவனுக்கு நாக்கு அரிக்கும். வாங்க வந்தவர்களிடமே, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கிப் போங்கள், நன்றாக அழிக்கும் என்பான். என் டோஃபு ரப்பராம். உன் சட்டியில் விழுந்த ஈகூடக் கொழுத்துத்தான் சாகிறது என்று நானும் விடமாட்டேன்.

அப்பேர்ப்பட்ட மனிதன் இன்றைக்குக் கறி தின்பதில்லை. முட்டையும் இல்லை, மீனும் இல்லை. சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை நம்புவதில்லை. அவன் சட்டியைக் காட்டி என்னிடம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாம் பீலியனால் வந்தது. பீலியன் அவன் பெண்டாட்டி. அதிர்ந்து பேசமாட்டாள், கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கிண்ணம் கழுவுவாள். தினமும் சட்டியில் முதல் கரண்டி அவளுக்குத்தான். அவள் தலையாட்டினால்தான் வியாபாரம் தொடங்கும். ஊரையே வம்புக்கு இழுக்கிறவன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலைக்குச் சேர வந்தவன்போல நிற்பான். ஒரு நாள் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். நெஞ்சைத் திறந்துதான் ஆகவேண்டும் என்று தைச்சுங் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

நானும் கூடப் போயிருந்தேன். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் இவன் நடைபாதையில் அப்படியே மண்டியிட்டான். எங்கள் கருணைத் தெய்வம் குவான்யின் அம்மாவைக் கூப்பிட்டு, "இவ எழுந்து வந்தா நான் இனிமே கறி திங்கமாட்டேன்" என்று உரக்கச் சொன்னான். போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பகீரென்றது. பின்னே என்ன? எங்கள் ஊரில் வேண்டிக்கொள்ளத் தெரியாதவர் கிடையாது. ஒரு வருஷம் சைவம் என்பார்கள். காலைச் சாப்பாடு மட்டும் என்பார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மட்டும் என்று பேரம் பேசுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது சரிதான். இவன் கெடுவே வைக்கவில்லை.

பீலியன் எழுந்து வந்தாள்.

மறு வாரம் என் கடைமுன் வந்து நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, அந்த ரப்பர்ல ரெண்டு குடுங்க" என்றான். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று காத்திருந்தவள் நான். ஆனால் அவன் மூஞ்சியைப் பார்த்ததும் வாய் வரவில்லை. இரண்டுக்கு மூன்றாகப் போட்டுக் கொடுத்தேன்.

கறி தின்னமாட்டேன் என்றுதானே சொன்னான், விற்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. வயிற்றுப்பாடு அம்மாவுக்குத் தெரியாதா? சட்டி வழக்கம்போலக் கொதித்தது. ஆனால் ருசி பார்க்க நாக்கு இல்லை. பீலியனுக்கு உப்பும் கொழுப்பும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசியில் என் நாக்குதான் மாட்டியது. விடிந்தால் கரண்டியோடு வந்து நிற்பான். உப்புக் குறைச்சல் என்றால், உங்களுக்கு டோஃபு தின்று தின்று நாக்கு செத்துப்போயிற்று என்பான். திட்டிக்கொண்டே போய் உப்புப் போடுவான்.

அவன் மட்டும் வெறும் சோற்றில் பொரித்த வெங்காயத்தை அள்ளிப் போட்டுப் பிசைந்து தின்றான். எண்ணெயில் பொரித்ததுதானே, இதாவது மிஞ்சியதே என்று அவனுக்கு ஒரு சந்தோஷம். ஒரு நாள் கோயில் சமையற்கட்டில் வேலை செய்கிற அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். வேண்டுதல் வைத்தவன் வெங்காயம் பூண்டு தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விட்டாள். குன்தேக்கு முகத்தில் ரத்தமே இல்லை. தான் தப்பாகத் தின்கிற ஒவ்வொரு வாயும் பீலியனின் மூச்சில் பிடிக்கும் என்று அவன் உறுதியாக நம்பினான். கையில் இருந்த கரண்டியைக்கூட வைக்காமல் கோயிலுக்கு ஓடினான்.

என்ன ஆகுமோ என்று நானும் பின்னாலேயே போனேன். அம்மாமுன் பிறைபோல வெட்டிய இரண்டு மரத்துண்டுகளைப் போட்டுக் கேட்பது எங்கள் வழக்கம். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் குப்புற விழுந்தால் கூடாது. இரண்டும் மல்லாந்து விழுந்தால் அம்மா சிரிக்கிறாள். தெரியாமல் தின்றுவிட்டேன், மன்னித்தாயா என்று இவன் அழுதுகொண்டே போட்டான். இரண்டும் மல்லாந்து விழுந்தன. மறுபடி போட்டான், மறுபடியும் சிரிப்புத்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றோடு வெங்காயமும் போயிற்று.

குளிர்காலத்துக்குள் ஆள் பாதியாகிவிட்டான். சட்டை தோளில் நிற்கவில்லை. வம்புக்கு இழுப்பதுகூடக் குறைந்துபோய், சந்தையே வெறிச்சென்று இருந்தது. கறி வாசத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு, மூலையில் போய்க் கீரையை மெல்லுவான். பீலியனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தன்னை எழுப்பிவிட்டு அவன் கரைந்துபோகிறான் என்று என்னிடம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். உயிர் அவளுடையது. அவளே போய்க் கேட்டால் அம்மா விட்டுக்கொடுக்கமாட்டாளா?

அவனிடம் சொல்லாமல் நாங்கள் இருவரும் போனோம். இவன் வேண்டியது போதும், இவனை விட்டுவிடு என்று பீலியன் மண்டியிட்டுக் கேட்டாள். இப்படிப்பட்ட பெரிய காரியத்துக்கு மூன்று தடவை அடுத்தடுத்து சரி விழவேண்டும். விழுந்தது. மூன்றாவது தடவை போட்ட துண்டுகள் தரையில் உருண்டு நின்றதும் நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு அவள் ஆக்கினாள். பன்றிக்காலும் நூல்போன்ற சேமியாவும். கண்டம் தப்பியவர்களுக்கு எங்கள் ஊரில் ஆக்கிப்போடுவது அது. அவள் தப்பியதற்கு இன்னும் அந்த வீட்டில் யாரும் ஆக்கவில்லை. எனக்கும் இலை போட்டதுபோல ஒரு கிண்ணம் வைத்தாள். நான் சும்மா போகக்கூடாதே என்று கொஞ்சம் டோஃபு கொண்டுபோயிருந்தேன்.

குன்தே உட்கார்ந்தான். பீலியன் நடந்ததைச் சொன்னாள். மூன்று தடவையுமா என்று அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். மூன்று தடவையும் என்றேன். சாப்பிடும் குச்சிகளை எடுத்தான். தோலோடு ஒரு துண்டை எடுத்து வாய்வரை கொண்டுபோனான். பிறகு அதை மெதுவாகத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"அம்மாவுக்குப் பெரிய மனசு. நான் குடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்ப அவங்க குடுத்ததை நான் திருப்பிக் குடுக்கணுமா இல்லையா?"

"அவங்க அப்படிக் கேக்கலையே," என்றாள் பீலியன்.

"கேக்கமாட்டாங்க. எனக்குத் தெரியணும்ல." அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான். "நான் உன்னத் திருப்பிக் குடுக்கமாட்டேன். அதனால இதுவும் எனக்கு வேணாம்."

அறுபதை நெருங்குகிற மனிதன், காதுவரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். பீலியன் பன்றிக்கால் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். என் டோஃபுவில் ஒரு துண்டை எடுத்து, சோயா சாற்றில் தோய்த்து, அவன் கிண்ணத்தில் வைத்தாள். எனக்குக் கண் மறைத்தது. அவன் அதை வாயில் போட்டு நெடுநேரம் மென்றான்.

"இன்னும் ரப்பர்தான் அக்கா," என்றான்.

"தின்னுடா," என்றேன்.

தின்றான். பிறகு பீலியனைப் பார்த்துக் கிண்ணத்தை நீட்டினான், இன்னும் ஒரு துண்டு வைக்கச் சொல்லி.