ருக்மிணிக்குச் சொல்லிக் கொடுத்த ஒன்பது எண்கள்

என் மாமியார் ஞானம்மாள் ஆசைப்பட்டுப் பஞ்சாயத்து மெம்பர் ஆகவில்லை. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். காலனியில் கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்கள் நாலு பேர், அதில் வாயுள்ளவர் இவர் ஒருவர்தான். கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போன கணவரை அங்கேயே புதைத்துவிட்டு, ஒற்றை மகளோடு சந்தாபுரா பக்கம் வந்து, ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் பதினோரு வருஷம் செக்கராக இருந்தார். அந்த மகள் மௌரீனைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டிலேயே குடியேறியவன் நான், சாமுவேல். வீட்டோடு மாப்பிள்ளை என்பதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஊர் சொல்லும்.

வீடு என்றால் இரண்டு அறை, மேலே ஷீட்டு. அதுவும் எங்களுடையதா என்பது யாருக்கும் தெரியாது. காலனி மொத்தமும் அரசாங்கப் புறம்போக்கில் இருந்தது. ஹக்குபத்ரா என்று ஒரு காகிதம் கொடுத்தால் வீடு நமக்கு. கொடுக்காவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் இடிக்கலாம். ஒரு தடவை மண் அள்ளும் இயந்திரம் வந்தும்விட்டது. அன்றைக்கு வெங்கடசாமி என்கிற ரிட்டயர்டு வாத்தியார், எங்களுக்கு உறவும் இல்லை சாதியும் இல்லை, வேட்டியை மடித்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். வெயிலில் நாலு மணி நேரம். இயந்திரம் திரும்பிப் போனது. ஓட்டுப் போடும் சந்தர்ப்பம் எப்போது வந்தாலும் தன் ஓட்டு அவருக்குத்தான் என்று என் மாமியார் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னார்.

சந்தர்ப்பம் தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. மேல்சபைத் தேர்தல். அதற்குப் பொதுஜனம் ஓட்டுப் போட முடியாது, பஞ்சாயத்து மெம்பர்களும் நகரசபை மெம்பர்களும்தான் போட வேண்டும். முத்திரை குத்துகிற வேலையும் இல்லை. சீட்டில் பெயர்கள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் ஒரு கட்டம். யார் முதலில் வர வேண்டுமோ அவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அப்படியே எண் எழுதிக்கொண்டு போகலாம். ஒன்று மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தைக் காலியாக விட்டாலும் செல்லும். ஒன்பது பேர் நின்றார்கள். அதில் வெங்கடசாமி ஒருவர். இன்னொருவர் நாகேஷ், எங்கள் காலனியின் மூன்று பக்கமும் லேஅவுட் போட்டு வைத்திருந்தவர். நாலாவது பக்கம் நாங்கள் எப்போது காலி செய்வோம் என்று காத்திருந்தார்.

நாகேஷ் நேரில் வரவில்லை. அவருடைய ஆள் ஷங்கர் வந்தான். அதட்டலே கிடையாது, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவனுடைய வெள்ளை டாடா சுமோ ஒரு வாரம் சந்து முனையிலேயே நின்றது.

"மேடம், ஓட்டு முடிஞ்ச மறு மாசமே எல்லா மெம்பருக்கும் ஹக்குபத்ரா. சார் சொல்லிட்டார்" என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். ஒன்பது கட்டம், ஒன்பது எண். மேலிருந்து மூன்றாவது கட்டத்தில், அதாவது நாகேஷுக்கு, ஒன்று. மற்ற எட்டுக் கட்டத்திலும் எண்கள் தாறுமாறாக இருந்தன. "இதே ஆர்டர்ல எழுதணும். மனப்பாடம் பண்ணிக்குங்க. மூணு நாள்ல சீட்டை வாபஸ் வாங்கிக்குவேன்."

"மிச்ச எட்டுப் பேர்ல யாருக்கு எது எழுதுனா உங்களுக்கு என்னாத்துக்கு?" என்று கேட்டார் மாமியார்.

"ஒவ்வொரு மெம்பருக்கும் ஒவ்வொரு ஆர்டர் மேடம். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. எண்ணும்போது நம்ம ஆளு பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பான். எந்த ஆர்டர் வரலையோ, அந்த மெம்பர் யார்னு லிஸ்ட்ல இருக்கு." சிரித்தான். "அஷ்டே. அவ்வளவுதான்."

ரகசிய ஓட்டு என்று அரசாங்கம் சொல்வதை நம்பியிருந்த எனக்கு இது விளங்கவே சற்று நேரம் ஆயிற்று. மாமியாருக்கு ஒரு நொடி போதும். கார்மென்ட்ஸில் துணியை வெட்டிக் கட்டாகக் கட்டினால் ஒவ்வொரு கட்டுக்கும் நம்பர் டிக்கெட் மாட்டுவார்கள். தையல் கோணலாக வந்தால் டிக்கெட்டைப் பார்த்து எந்த மிஷின், எந்த டெய்லர் என்று பிடித்துவிடலாம். பதினோரு வருஷம் அப்படிப் பிடித்தவர் அவர். ஷங்கர் போன பிறகு, "நம்ம கையில பண்டல் டிக்கெட்டைக் குடுத்துட்டுப் போறான் மாப்ள" என்றார். முகம் வெளுத்திருந்தது.

அன்று சாயங்காலமே ருக்மிணி தன் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் எதிர்வீடு, பக்கத்து வார்டு மெம்பர். தொம்மலூரில் வாடகை ஏறி ஏறி, கடைசியில் இங்கே வந்து ஒற்றை அறை கட்டிக்கொண்டவள். புருஷன் சிவாஜிநகரில் வேறு ஒருத்தியோடு இருந்தான். நாலு வீட்டில் பாத்திரம் கழுவி, ஒவ்வொரு கல்லாகச் சேர்த்துக் கட்டிய அறை அது. எழுத்து தெரியாது. எண்களைப் பஸ்ஸில் பார்த்து அடையாளம் தெரியும், எழுதிப் பழக்கம் இல்லை.

"ஞானக்கா, எனக்கு இது தலையில ஏறாது. நீதான் சொல்லிக் குடுக்கணும். தப்பா எழுதுனா வூடு போயிடும்னு சொல்றான்."

மாமியார் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என் பழைய டைரியில் ஒன்பது கட்டம் போட்டு, எண்களை எழுதி, அவள் கையைப் பிடித்து எழுதவைத்தார். மூன்று நாள் சாயங்காலம் இதே வேலை. ருக்மிணி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். எட்டைப் போடும்போது இரண்டு வட்டமாகப் போட்டு ஒட்டவைப்பாள். கழுவும் பாத்திரத்திலும் விரலால் எழுதிப் பார்ப்பதாகச் சொன்னாள். மூன்றாம் நாள் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னாள், எழுதினாள். மாமியார் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார். ஷங்கர் வந்தபோது ருக்மிணி வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு சீட்டையும் மாமியாரே கொடுத்தார்.

"ரெண்டும் மனப்பாடமா மேடம்?"

"ரெண்டும்."

ஓட்டுப் பதிவு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் மாமியாரையும் ருக்மிணியையும் ஆட்டோவில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தேன். வரும் வழியெல்லாம் ருக்மிணி, "கை நடுங்கவே இல்ல ஞானக்கா, பேனா சும்மா ஓடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மாமியார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் என்னிடம் சொன்னார்.

"வாத்தியாருக்கு ஒண்ணு போட்டுட்டேன் மாப்ள. அது ஒண்ணு மட்டும்தான் எழுதுனேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. "அத்தை, உங்க ஆர்டர் வரலைன்னா அவனுக்குத் தெரிஞ்சுடுமே!"

"வரும். என் ஆர்டரைத்தான் ருக்கு எழுதியிருக்கா."

தையலைக் கெடுத்துவிட்ட டெய்லர், சூப்பர்வைசர் வருவதற்குள் பக்கத்து மிஷின் கட்டோடு தன் டிக்கெட்டை மாற்றிவிடுவதுண்டு. அப்படி எத்தனை பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார் இவர். கடைசியில் அதையே செய்திருக்கிறார். ருக்மிணியின் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று நாளும் தன் சீட்டில் இருந்த எண்களை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"அப்போ ருக்மிணி ஆர்டர்?"

"வராது. படிக்காதவ, தெரியாம தப்பா எழுதிட்டான்னு விட்டுருவாங்க. படிச்சவளை விட மாட்டான். அவளை ஒண்ணும் செய்ய மாட்டான் மாப்ள."

அவர் அதை நம்பித்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கொடுத்த வாக்கும் காப்பாற்றியாயிற்று, வீடும் தப்பியது என்கிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிரித்தேன். "பலே ஆளு அத்தை நீங்க" என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நாகேஷ் ஜெயித்தார். வெங்கடசாமி நாலாவதாக வந்தார். மாமியாரின் அந்த ஒரு ஓட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஷங்கர் சொன்னபடியே மறு மாசம் ஹக்குபத்ரா வந்தது. மெம்பர்களின் பெயரைப் பஞ்சாயத்து ஆபீஸில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். மாமியார் போய் வாங்கினார். ருக்மிணியைக் கூப்பிடவில்லை. "அடுத்த லிஸ்ட்ல வரும்" என்றார்கள். அவளும் சரி என்று வந்துவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் ருக்மிணி வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு வட்டம் இருந்தது. அந்த ஒரு வீட்டில் மட்டும்தான்.

"சொட்டு மருந்துக்காரங்க போட்டிருப்பாங்க" என்றாள் ருக்மிணி. அவள் வீட்டில் குழந்தையே கிடையாது. மாமியார் எங்கள் வாசலில் நின்று அந்த வட்டத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஷங்கரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மௌரீனிடம் கேட்டாராம். மௌரீன் அப்போது ஆறு மாசம். "எங்கேம்மா போவோம் நாம?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். என்னிடம் மாமியார் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்தச் சிவப்பு வட்டத்தைத் தாண்டித்தான் ஐந்து நாள் வேலைக்குப் போய் வந்தேன்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு இயந்திரம் வந்தது. ரோடு போடப் போகிறார்களாம், அந்த ஒரு வீடுதான் குறுக்கே வருகிறதாம். சேதி போய் ருக்மிணி வேலையிலிருந்து ஓடிவருவதற்குள் பாதி முடிந்துவிட்டது. வெங்கடசாமியும் வந்தார், ஆனால் தாமதமாக. உட்கார்ந்து தடுப்பதற்கு அங்கே எதுவும் மிச்சம் இல்லை. ஷங்கர் ஓரமாக நின்று, என் மாமியாரைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டான். அவர் பதிலுக்குக் கும்பிட்டார். அவருடைய கை எழும்பியதை நான் பார்த்தேன்.

பாத்திரம், துணிமணி, ஒரு ட்ரங்குப் பெட்டி. நானும் மௌரீனும் பொறுக்கி எடுத்து எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தோம். ருக்மிணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எங்கள் முன் அறையில் நின்றுகொண்டே பேசினாள்.

"ஞானக்கா, எனக்குத் தெரியும் இது எதுக்குன்னு. நான் மாத்திப் போட்டுட்டேன்னு நெனைக்கிறான். இப்பவே ஷங்கர் ஆபீஸுக்குப் போறேன். ஒம்போதும் சொல்லிக் காட்டுறேன். எழுதியும் காட்டுறேன். நான் சரியாத்தான் எழுதுனேன்."

அவள் சொல்லிக் காட்டினால் போதும். ஷங்கர் தன் லிஸ்ட்டில் அந்த வரிசை யாருடையது என்று பார்ப்பான். நேரே எங்கள் வாசலுக்கு வருவான். மௌரீன் போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

"எங்க, மொதல்ல எங்கிட்ட சொல்லு" என்றார் மாமியார்.

ருக்மிணி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றாள். "நாலு, ஏழு, ஒண்ணு, ஒம்போது, ரெண்டு, ஆறு, மூணு, எட்டு, அஞ்சு."

ஒன்று பிசகவில்லை. சொல்லிக் கொடுத்தது அத்தனையும் அப்படியே இருந்தது. மாமியார் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பேன் என்று எதிர்பார்த்தாரா, திறக்கக் கூடாது என்று பார்த்தாரா, எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தப்பு ருக்கு" என்றார் அவர். "ஆறையும் எட்டையும் மாத்திட்ட."

ருக்மிணி வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"மூணு நாளு எங்கூட மாரடிச்சியே ஞானக்கா. எம் புத்தியில ஏறலையே. உன் பேரையும் இல்ல கெடுத்துட்டேன்" என்று அவர் காலைப் பிடித்தாள். மாமியார் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, குனிந்து அவளைத் தூக்கவும் இல்லை.

ருக்மிணி இரண்டு வருஷம் எங்களோடுதான் இருந்தாள். என் மகள் பிறந்தபோது பத்தியச் சமையல் முழுவதும் அவள்தான் செய்தாள். வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் பாத்திரங்களை அவளே கழுவினாள். சொல்லிக் கொடுத்தவரைத் தலைகுனிய வைத்துவிட்டதற்கு அதையாவது செய்கிறேன் என்பாள்.