கோத்தகிரியில் நாலு மணிக்கு

தம்பிக்கு மீன்பிடிப்பதில் கிறுக்கு. ஹட்டனில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கிறான். ஞாயிறானால் காசல்ரீ நீர்த்தேக்கத்தில்தான் இருப்பான். நான் கொழும்பிலிருந்து விடுமுறையில் வந்திருந்தபோது, வீட்டில் எல்லோருமாக எதிர்க்கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம் என்று அவன்தான் சொன்னான். கூட்டாளியிடம் ஃபைபர் வள்ளம் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். ஒடுங்கலானது, ஒரு பக்கம் மிதவைக் கட்டை பிணைத்தது. மூன்று பேருக்கு மேல் தாங்காது. அப்பாவையும் சாமான்களையும் முதலில் இறக்கிவிட்டு, அம்மாவையும் என்னையும் ஏற்ற மறுபடி வந்தான்.

அம்மா இந்தத் தண்ணீரை மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே தேயிலைக் கொழுந்து பறித்தவர். அதில் இறங்கியதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் அக்கரை சேர்ந்தார்.

"முழிச்சிப் பாருங்கம்மா, கரை வந்திருச்சு" என்றான் தம்பி.

"நீ மொதல்ல இறங்கு. அப்புறம் முழிக்கிறேன்."

மறுநாள் காலையில் அப்பாவுக்குத்தான் மீன் அதிகம் விழுந்தது. நல்ல தடியான திலாப்பியா. பிடித்ததையெல்லாம் வலைப்பையில் போட்டு, உயிரோடு இருக்கட்டும் என்று தண்ணீரோரம் கட்டிவைத்தார். "நீ தூண்டிய தூக்குறதுக்குள்ள மீனுக்கு வயசாயிரும்டா" என்று தம்பியைச் சீண்டினார். அந்த ரோசத்தில், உச்சிவெயில் சாய்ந்ததும் தம்பி என்னையும் ஏற்றிக்கொண்டு வள்ளத்தை நடுவுக்கு விட்டான்.

நாங்கள் தங்கிய கரை மலையடியில் இருந்தது. அங்கே சிக்னல் கிடையாது. நடுத்தண்ணீருக்கு வந்ததும் எதிர் மலைமுகட்டுக் கோபுரம் கண்ணில் பட்டது. என் கைபேசி அடுத்தடுத்து ஒலித்தது. கோத்தகிரியிலிருந்து மாமாவின் மகன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். "அப்பா காலையில போயிட்டாங்க. நாலு மணிக்கு எடுக்குறோம். அத்தைகிட்ட சொல்லிடுங்க."

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். அம்மா அப்போதுதான் கல்யாணமாகி இங்கே தங்கிவிட்டார். அதன் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

"சாப்பிட்ட பொறகு சொல்லுவமா அக்கா?"

"அதுக்குள்ள தூக்கிருவாங்கடா."

அவன் வள்ளத்தைத் திருப்பினான்.

அம்மா கரையில் ஒரு கல்லின் மேல் மீனை வைத்துச் செதில் சீவிக்கொண்டிருந்தார். தம்பிதான் சொன்னான். கத்தியைக் கீழே வைத்தார். அழவில்லை.

"எப்ப எடுக்குறாங்க?"

"நாலு மணிக்கு."

"மொகத்தப் பாக்கணும்."

"இங்க சிக்னல் இல்லம்மா. நடுவுக்குப் போனாத்தான் வரும்."

"அப்ப அங்க போவோம்."

மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார். உலைக்கு வைத்திருந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அப்பா அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தார். பிறகு வலைப்பையை அவிழ்த்துக் கவிழ்த்தார். பெரும்பாலான மீன்கள் நீந்திப் போயின. இரண்டு மட்டும் மல்லாந்து மிதந்தன.

போகும்போது அம்மா கண்ணை மூடவில்லை.

காற்று எழும்பியிருந்தது. துடுப்பை நிறுத்தினால் வள்ளம் மலை மறைவுக்குள் தள்ளிப்போய்ச் சிக்னல் அறுந்தது. ஆகவே தம்பி முன்னேறாமலும் பின்வாங்காமலும் ஒரே இடத்தில் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தான். நான் கைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். வீடியோ அழைப்பில் மாமாவின் மகன் வந்தான்.

"அத்தை, தெரியுதா?"

"மொகத்தக் காட்டுப்பா. கிட்டக் கொண்டுபோ."

மாமா உயிரோடிருந்தபோது பேசிய எல்லா அழைப்பிலும் அவருடைய நெற்றியும் கூரைத் தகரமும்தான் தெரியும். எத்தனை சொன்னாலும் கைபேசியைச் சரியாகப் பிடிக்க மாட்டார். இப்போது வேறொருவர் பிடித்ததால் முழு முகமும் ஆடாமல் தெரிந்தது. தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள்.

"இம்புட்டு மெலிஞ்சிட்டியேண்ணே" என்றார் அம்மா. "ஏம்ப்பா, சவரம் பண்ணி விடலியா?"

"காலையிலதான் பண்ணுனோம் அத்தை. வாய்க்கரிசி போடுறாங்க. உங்க பேரச் சொல்லி நானே போடுறேன்."

அம்மா முந்தானையை அவிழ்த்து அரிசியைக் கையில் எடுத்தார். படத்தில் ஒரு கை மாமாவின் வாயருகே போனது. அப்படியே உறைந்தது.

"போட்டாச்சா?"

"போட்டுட்டாங்கம்மா" என்றான் தம்பி. அவன் கைபேசிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

அம்மா என்னைப் பார்த்தார். "தெரியலம்மா" என்றேன்.

திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒருவழியாக இணைப்பு வந்தபோது பறைச் சத்தம் காதை அடைத்தது. முதுகுகளும் ஒரு தெருவும் தெரிந்தன. பூ இறைந்து கிடந்தது. "போட்டியாப்பா? என் பேரச் சொன்னியா?" என்று அம்மா கத்தினார். அவனுக்குக் கேட்கவில்லை. பிறகு அதுவும் அறுந்தது. கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. தம்பியுடையது கூடாரத்தில் கிடந்தது.

அம்மா கையைத் தண்ணீருக்குள் விட்டு விரித்தார். அரிசி உடனே அமிழ்ந்துவிட்டது.

"திருப்பவாம்மா?" என்று தம்பி கேட்டான். துடுப்பைக் கை மாற்றிப் பிடித்தான்.

"இரு. இப்பத்தான தூக்கியிருக்காங்க. பொம்பளைங்க முச்சந்தி வரைக்கும் போவாங்க. நானும் அதுவரைக்கும் போயிட்டுத் திரும்புறேன்."

அந்த வீட்டிலிருந்து முச்சந்தி எவ்வளவு தூரம் என்று எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது. அம்மா இரண்டு கைகளாலும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வலித்துக்கொண்டே இருந்தான்.