ஒன்பதாம் எண்ணின் கால்சட்டை

தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்ற பேஸ்பால் அணிக்கு எத்தனை மேனேஜர்கள் இருப்பார்கள்? சான் எலோயில் ஆறாயிரம் பேர் இருந்தார்கள். ரொட்டிக்கடை வரிசையில் நிற்கிறவன், கோழி வளர்க்கிறவள், பல் பிடுங்குகிற டாக்டர், யாரைக் கேட்டாலும் முதலில் யார் மட்டை பிடிக்க வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார்கள். அணி கடைசி இடத்தில் கிடந்தது. அதற்கும் கீழே போக இடம் இல்லாததால்தான் அங்கேயே கிடந்தது.

அந்த அணிக்குச் சூளைக்காரர்கள் என்று பெயர். ஊரே செங்கல் சூளைகளால் வளர்ந்த ஊர், மைதானத்து மண்ணும் செங்கல் மண்தான். இதில் அணிக்கு வெள்ளை உடுப்பு என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ தெரியாது. அவன் முடிவு செய்துவிட்டுப் போய்விட்டான், அதைச் சுமந்தவள் ஒப்துலியா. இருபத்தாறு வருஷமாக அந்த வெள்ளையை வெள்ளையாகவே வைத்திருப்பவள் அவள்தான்.

ஸ்டேடியத்தில் துவைக்கிற இயந்திரம் ஒன்று உண்டு. கரண்ட் இருந்தால் தண்ணீர் இருக்காது, தண்ணீர் வந்தால் கரண்ட் போயிருக்கும். ஒப்துலியா அதன் மேல் ரேடியோவை வைத்துக்கொண்டு சிமெண்ட் தொட்டியில் கையால் துவைத்தாள். முப்பது வயது வரை சூளையில் கல் சுமந்தவள், அந்த மண்ணின் குணம் அவளுக்குத் தெரியும். ஈரத்தோடு தேய்த்தால் மண் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு சாமியே வந்தாலும் எழுப்ப முடியாது. முதலில் நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். அப்புறம்தான் தண்ணீர், சாம்பல், சோப்பு கிடைத்தால் சோப்பு, கிடைக்காவிட்டால் புளிப்பு ஆரஞ்சு.

வெளியூர் அணிக்காரர்கள் வந்தால் முதலில் பார்ப்பது எங்கள் உடுப்பைத்தான். ஒரு மேனேஜர் அவளிடமே வந்து, இந்த வருஷம் உங்களுக்குப் புது உடுப்பு கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார். ஐந்து வருஷத்துப் பழசு என்றாள் ஒப்துலியா. அவர் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனதை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தோற்றாலும் வெள்ளையாகத் தோற்போம் என்பது அவள் பேச்சு.

அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள். அழுக்குத் துணி ஒருநாளும் வெளியார் கண்ணில் படக்கூடாது. அழுக்கைக் காயவைப்பதுகூடக் கொட்டகைக்குள், கதவைச் சாத்திக்கொண்டுதான். இரண்டாவது, கொட்டகையில் அறிந்தது எதுவும் பூங்காவுக்குப் போகக்கூடாது. ஆட்டக்காரர்களின் பைகளில் காதல் கடிதம் இருக்கும், மாத்திரை இருக்கும், அம்மா கொடுத்த தாயத்து இருக்கும். எல்லாவற்றையும் எடுத்து உரியவனிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவாள். துவைக்கிறவளுக்கு வாய் நீளமானால் துணி போட வருகிறவனுக்கு மனசு கூசும் என்பாள்.

பூங்கா என்றால் அதன் லாரல் மரத்து மூலை. சூடான மூலை என்று பெயர். வெளியூர்க்காரன் பார்த்தால் வெட்டுக்குத்து நடக்கப்போகிறது என்று ஓடிவிடுவான், அப்படிக் கத்துவார்கள். நடப்பது பேஸ்பால் விவாதம்தான், ஒரு அடி விழுந்ததில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், பழைய ஆட்டம் ஒன்றில் கடைசிப் பந்தைப் பிடித்தது யார் என்று அங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கூடையோடு போன ஒப்துலியா நின்று பெயரைச் சொன்னாள், எத்தனையாவது பந்து என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பழைய பத்திரிகையைத் தேடிப் பார்த்தால் அவள் சொன்னதே சரி. அன்றிலிருந்து பெஞ்சில் அவளுக்கு ஒரு இடம், ஆண்கள் மட்டும் இருந்த அந்தப் பெஞ்சில்.

இடம் மட்டுமா? மூலைக்கு ஒரு வழக்கம் உண்டு. அணி அடியோடு சரிந்தால் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதுவார்கள், திங்கட்கிழமை உள்ளூர் வானொலியில் வாசிப்பார்கள். மேனேஜர் அதைக் கேட்டே ஆக வேண்டும், கேட்காவிட்டால் அவருக்கு யாரும் முடிவெட்டக்கூட மாட்டார்கள். பன்னிரண்டில் ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் கடிதம் போகாது. பன்னிரண்டாவது கையெழுத்து ஒப்துலியாவுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்பதுக்கு இரண்டு என்று பதினோராவது தோல்வி. ஆட்டம் முடிந்து அரைமணியில் மூலை கொதித்தது. செவ்வாய்க்கிழமைக்குள் அணியில் ஒருவனை நீக்கி, இளைஞர் அணியிலிருந்து ஒருவனைச் சேர்க்கலாம். யாரை நீக்குவது? சர்க்கரை ஆலையில் எடை போட்டு ஓய்வு பெற்ற கஸிமீரோவுக்குச் சந்தேகமே இல்லை. இருபத்தேழாம் எண், ஹசிந்தோ. முப்பத்தேழு வயசு, இடதுபுறத்து எல்லைக் காவல், பத்து முறை மட்டை பிடித்தால் இரண்டு முறைகூட அடிப்பதில்லை.

“மூணு மாசமா மட்டையைத் தோள்ல சாத்திக்கிட்டு நிக்கிறான், ரொட்டி வாங்க வந்தவன் மாதிரி,” என்றார் கஸிமீரோ. “பந்து இடது மூலைக்குப் போனா எதிராளி ரெண்டு பேஸ் ஓடிடுறான். இவன் அங்க படுத்துத் தூங்குறானோ என்னவோ.”

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அதே மூச்சில் ஒன்பதாம் எண்ணைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். யாந்தியெல், இருபத்திரண்டு வயது, நடு எல்லை, அடித்தால் பந்து மைதானத்துக்கு வெளியே. அவனை முதலில் இறக்கு, மூன்றாவதாக இறக்கு, நான்காவதாக இறக்கு என்று மூன்று கட்சியானார்கள். அவனை இறக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்சிகூட இல்லை.

பள்ளிக்கூட வாத்தியார் தமாசோ கடிதத்தை அழகான கையெழுத்தில் எழுதி முடித்தார். பதினொரு கையெழுத்து விழுந்தது. பேனா ஒப்துலியாவிடம் வந்தது. அவள் வாங்கவில்லை.

“அவன் வேண்டாம்னு நான் எழுத மாட்டேன்,” என்றாள்.

ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. கஸிமீரோவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அக்கா, நீ ஆட்டத்தைக் கண்ணால பாத்து எத்தனை வருஷம் ஆச்சு? ரேடியோவுல கேக்குறவ, தினம் போய்ப் பாக்குற எங்களுக்குச் சொல்றியா?” என்றார். யாரோ பின்னாலிருந்து, ஹசிந்தோ அவளுக்கு மாம்பழம் கொண்டுவந்து கொடுக்கிறான், அந்தப் பாசம் என்றார்கள். மூலையே சிரித்தது.

மாம்பழம் உண்மைதான். ஆட்டத்தைப் பார்க்காததும் உண்மைதான். ஆட்ட நேரத்தில் அவள் தொட்டியில் முந்தின நாள் துணியோடு இருப்பாள். முகம் எரிய எழுந்தாள், நாளைக்குப் பத்து மணிக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

கொட்டகையில் கூடைகள் வந்திருந்தன. எல்லோரும் சுருட்டி எறிந்திருக்க, ஹசிந்தோவுடையது மட்டும் எப்போதும் போல மடித்து வைத்திருந்தது. விரித்தாள். நெஞ்சு முழுக்கச் செம்மண், கையுறை போடுகிற இடது கையில் முழங்கை வரை புல்கறை, முழங்காலில் அவள் போன வாரம் தைத்த ஒட்டும் பிய்ந்திருந்தது. பந்துக்குப் பின்னால் பாய்ந்து விழுந்து எழுந்தவனின் துணி அது. ஒன்பதாம் எண்ணை எடுத்தாள். சனிக்கிழமை அவள் இஸ்திரி போட்ட மடிப்பு கத்தி போல அப்படியே நின்றது. ஒன்பது சுற்று ஆடியவனின் கால்சட்டை.

மூன்று மாதமாக அவளுக்கு இது தெரியும். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் நிழல் பக்கம் உட்கார்கிறவர்கள் என்பதும் தெரியும். எங்கள் ஊர் வெயிலில் வேறு எங்கே உட்காருவது? ஆனால் நிழல் பக்கத்துச் சுவர் இடது மூலையை மறைத்துவிடும். பந்து அங்கே போவதையும் திரும்பி வருவதையும் பார்ப்பார்கள், நடுவில் ஹசிந்தோ என்ன பாடுபட்டான் என்பதைப் பார்க்கவே மாட்டார்கள். பார்க்காததைத் தூக்கம் என்று எழுதிவிட்டார்கள்.

சொன்னால் அவள் கொட்டகை ரகசியத்தைப் பூங்காவில் கொட்டியவள். சொல்லாவிட்டால் இந்த வாரம் தப்பினாலும் அடுத்த வாரம் அவளை விட்டுவிட்டு வேறு யாரையாவது பன்னிரண்டாவதாகச் சேர்த்து அவனை அனுப்பிவிடுவார்கள். சோறும் அவரைக் குழம்பும் தட்டில் ஆறிப்போயின. சனியன் பிடித்த பிடிவாதம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஊர் விழித்தபோது, பூங்காவைப் பார்த்த ஸ்டேடிய வேலி நெடுக உடுப்புகள் தொங்கின. இருபத்து நான்கு சட்டை, இருபத்து நான்கு கால்சட்டை, எண் வரிசைப்படி, துவைக்காமல். மாட்டியவள் ஒப்துலியா. பெற்ற பிள்ளைகளை மூக்கு வடிய வீதியில் நிறுத்தியது போல் இருந்தது அவளுக்கு. மாட்டி முடித்ததும் வேலிப் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

ரொட்டிக்காரி முதலில் பார்த்து, ஒப்துலியாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருத் தெருவாகச் சொல்லிப் போனாள். பத்து மணிக்கு முன்னாலேயே மூலை முழுவதும் வேலிக்கு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டு வந்தவர்கள் இரண்டாம் எண்ணுக்கு வரும்போதே சிரிப்பை நிறுத்தினார்கள். சூளை ஊர்க்காரனுக்கு மண் படிக்கச் சொல்லித் தர வேண்டுமா? இது முட்டி போட்டுப் பந்து பிடிப்பவனுடையது, இரண்டு முழங்காலும் செம்மண். இது பந்து வீசுகிறவன், ஒரு முழங்கால் மட்டும். இது சறுக்கி பேஸைத் தொட்டவன், தொடை ஓரம் சிவப்பு. ஒன்பதாம் எண்ணின் முன்னால் கஸிமீரோ நின்றார். மடிப்பை விரலால் தடவினார். அடுத்த எண்ணுக்கு நகர்ந்தார்.

இருபத்தேழின் முன்னால் எல்லோரும் நின்றார்கள். தமாசோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, பரீட்சைத் தாள் திருத்துவது போல முழங்கால் ஒட்டுகளை எண்ணினார். ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினொன்று. யாரோ ஒருவர், ஒருநாள் அழுக்கை வைத்து என்ன சொல்ல முடியும் என்று முனகினார். பதினொரு ஒட்டு ஒருநாளில் விழாது என்றார் தமாசோ. ஒன்பதாம் எண்ணில் ஒட்டே இல்லை என்பதையும் அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

“அந்த இடது மூலை நம்ம கண்ணுக்குத் தெரியாது,” என்றார் கஸிமீரோ, மெதுவாக. “பத்து வருஷமா நிழல் பக்கமேதான் உக்காந்திருக்கோம். தெரியாதுன்னு ஒருத்தனுக்கும் தோணலை.”

பிறகு ஒப்துலியாவின் நாற்காலிக்கு வந்தார். “இதை நேத்தே வாயால சொல்லியிருக்கலாமே, அக்கா.”

“நான் இப்பவும் ஒண்ணும் சொல்லலையே,” என்றாள் ஒப்துலியா. “துணி காயப் போட்டிருக்கேன்.”

அதற்குப் பிறகு விவாதம் மூலைக்குத் திரும்பவில்லை, வேலி ஓரமே நடந்தது, அப்படியொரு கத்தல். ஊரில் காகிதம் கிடைக்காத காலம், தமாசோ பழைய கடிதத்தைத் திருப்பி அதன் முதுகில் எழுதினார். ஹசிந்தோ இருக்க வேண்டும், இரண்டாவதாக மட்டை பிடிக்க வேண்டும். யாந்தியெல் கால்சட்டையில் மண் ஒட்டும் வரை எட்டாவதாக இறங்கட்டும். இந்தக் கடைசி வரி கஸிமீரோ சொன்னது. இந்தத் தடவை முதல் கையெழுத்துக்கே ஒப்துலியாவிடம் பேனா வந்தது. வானொலியில் வாசித்தபோது வாசித்தவரே சிரித்துவிட்டார்.

மத்தியானம் யாந்தியெல் வந்தான். அதற்குள் எல்லாத் துணியும் தொட்டிக்குள் போயிருந்தது. கொட்டகை வாசலில் நின்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டான்.

“என் துணியை ஊர் பாக்க மாட்டுனீங்களா, அத்தை?”

“எல்லார் துணியையும்தான் மாட்டுனேன், தம்பி. நம்பர் வரிசையா.” அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “உன்னுதைத் துவைக்கிறது எனக்குச் சுலபம். வேலையே இல்லை.”

அவன் தொட்டியில் ஹசிந்தோவின் சட்டையிலிருந்து செந்நிறமாகத் தண்ணீர் வடிவதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமையும் தோற்றோம், ஐந்துக்கு நான்கு. பன்னிரண்டாவது தோல்வி. ஆனால் மூலைக்காரர்கள் வெயில் பக்கம் போய் உட்கார்ந்து, தொப்பிக்கு மேல் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு, இடது மூலையில் ஹசிந்தோ பாய்ந்து பிடித்த இரண்டு பந்துக்கும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரேடியோவில் அந்தக் கைதட்டலைக் கேட்டு ஒப்துலியா தொட்டியில் கையை நனைத்தபடியே அழுதாள், பெருமையாக இருந்தது அவளுக்கு.

மாலை வெயிலில் கூடைகள் வந்தன. ஒன்பதாம் எண் மேலேயே கிடந்தது, மடித்து. விரித்தாள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை செம்மண், வலது முழங்காலில் ஒரு விரல் நுழைகிற கிழிசல். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு கொடியில் போட்டாள். மறுநாள் காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டி, மூன்று தண்ணீர் மாற்றித் தேய்த்தாள், இரண்டு புளிப்பு ஆரஞ்சு செலவானது. வெள்ளையானதும் ஜன்னலடியில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, முழங்காலில் ஒரு ஒட்டுப் போட்டாள். அந்த வருஷம் ஒன்பதாம் எண்ணுக்கு விழுந்த முதல் ஒட்டு அது.