காருக்கு ஆகாத குளிர்ச்சி

எங்கள் வீட்டில் உலகத்துப் பொருள்கள் எல்லாமே இரண்டு வகைதான். ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி. பப்பாளி சூடு, பூசணி குளிர்ச்சி. எனக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்ததால் குளிர்ச்சியான எதுவும் ஆகாது. தயிர், வாழைப்பழம், இளநீர், ஈரத்தலை, மாலைக் காற்று எல்லாமே தடை. இன்று என் மகனுக்கு வாழைப்பழம் தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், தட்டில் வைத்த பழத்தை ஒருமுறை திரும்ப எடுத்து, யோசித்து, பாதியாக வெட்டித்தான் கொடுக்கிறேன். இந்தச் சூடு குளிர்ச்சிக் கணக்கை என் அம்மா ஒருமுறை ஒரு காருக்கும் பார்த்தாள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. சிங்கவரத்தில் இருந்தோம். நைனாவுக்குச் சென்னையில் வேலை. மாதத்தில் இரண்டொரு ஞாயிற்றுக்கிழமைகள்தான் வீட்டுக்கு வருவார். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒருநாள் இரவு எனக்கு மூச்சு இழுத்திருக்கிறது. பஸ் நின்றுபோன நேரம். அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகக் கதவைத் தட்டி, வண்டி வைத்திருந்த ஒருவரை எழுப்பி, திண்டிவனத்தில் இருந்த குழந்தை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் என் உதடு நீலம் பூத்துவிட்டதாம். எனக்கு அதில் எதுவும் நினைவில்லை. டாக்டர் வீட்டில் முகத்தில் வைத்த புகை மெஷின் மட்டும் நினைவிருக்கிறது. அது பிடித்திருந்தது.

அதன் பிறகுதான் நைனா அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினார். அம்மா செஞ்சிக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ஆனால் அவள் ஓட்டியதெல்லாம் என் பள்ளிக்கூடத்துக்கும் செஞ்சி கடைவீதிக்கும்தான். அதுவும் இரண்டாவது கியருக்கு மேல் போகமாட்டாள். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப்போய்த் திரும்பிப் பார்ப்பார்கள்.

புரட்டாசியில் கார் உதற ஆரம்பித்தது. நிறுத்தி வைத்து எஞ்சினை ஓட விட்டால் மலேரியா வந்தது போல நடுங்கும். ஏற்றத்தில் இருமும். பிறகு காலையில் கிளம்பவே மறுத்தது. தெரிந்த ஒரே மெக்கானிக் தன் மச்சினன் கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டார். எப்போது திரும்புவார் என்று அவர் வீட்டிலேயே தெரியவில்லை.

நைனா போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஓடாத வண்டிய வாசல்ல வெச்சினு இன்னா பண்றது? திண்டிவனத்துல ஒரு ஆளு கேக்குறாரு. அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லியிருக்கறன். குடுத்துடலாம்."

"அதுக்குள்ள ஓடுச்சினா?"

"ஓடுச்சினா பாக்கலாம்."

"பாக்கலாம் இல்ல. ஓடுச்சினா குடுக்கக் கூடாது. மழ வரப்போவுது."

நைனா ஏதோ முனகிவிட்டு வைத்துவிட்டார். அம்மா போனைக் கீழே வைத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் போய்க் காரின் முன்மூடியைத் திறந்தாள். உள்ளே எது என்னவென்று அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அம்மாவின் தம்பி. சென்னையில் ஒரு டூவீலர் பட்டறையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தவர். அந்தக் கொஞ்ச நாள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் நீளும்.

மாமா எஞ்சினைத் தலை சாய்த்துக் கேட்டார். "பெட்ரோலுக்குப் பொறி குடுக்குற பிளக்குதான்க்கா. மூணு பிளக்குல ஒண்ணு எரியல. மாத்துனா குதுர மாரி ஓடும்."

"உனக்குத் தெரியுமாடா?"

"இன்னாக்கா இப்படிக் கேட்டுட்ட."

மாமாவின் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்த பிளக் ஸ்பேனர் காருக்கும் சரியாக இருந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பிளக்கைச் சுற்றி இருந்த மண்ணை அம்மா சைக்கிள் பம்ப் அடித்து விரட்டினாள். ஓட்டைக்குள் ஒரு துளி மண் விழுந்தால் எஞ்சின் போச்சு என்று மாமா சொல்லியிருந்ததால், வாய்க்கு எதிரே முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட ஒதுங்கித்தான் விட்டாள். ஒயர்கள் இடம் மாறிப்போகாமல் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை. இரண்டு பிளக் கழன்று வந்தன. மூன்றாவது அசையவே இல்லை.

மாமா தொங்கிப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை அம்மாவிடம் கொடுத்தார். "இது உள்ளயே ஒடஞ்சா அவ்ளோதான், வண்டி எடைக்குத்தான் போவும். ஒடஞ்சா என்ன சொல்லாத."

அம்மா அடுப்படியிலிருந்து மண்ணெண்ணெய் எடுத்து வந்து பிளக்கின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டாள். சோறு வடித்து, குழம்பு வைத்து, எனக்கு ஊட்டி முடித்து மறுபடி வந்தாள். ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, வெடுக்கென்று இழுக்காமல், தன் கனத்தை அதன்மேல் இறக்கிக்கொண்டே போனாள். கிறீச்சென்று ஒரு சத்தம். ஒடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். பிளக் சுற்றத் தொடங்கியிருந்தது.

அதுவும் வெளியே வந்ததும் மாமா தன் பங்குக்கு மூன்று பிளக்குகளையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து வைத்தார். அவற்றின் வெள்ளைப் பீங்கானில் அச்சடித்திருந்த எண்களும் சேர்ந்து போய்விட்டன. அந்த எண்ணைச் சொன்னால்தான் கடைக்காரர் அதே வகையைக் கொடுப்பார் என்பது கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உதிரிபாகக் கடை. கடைக்காரர் இரண்டு விதப் பெட்டிகளை எடுத்து வைத்தார். திருகு மரை இரண்டுக்கும் ஒன்றுதான், எதுவும் உட்காரும். ஆனால் இது ஹாட் பிளக், அது கோல்டு பிளக். உங்களுக்கு எது வேண்டும் என்றார்.

அம்மாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது.

"இந்த ஊரு வெயிலுக்கு எவனாவது சூடான பிளக்கு போடுவானா?" என்றார் மாமா. "கோட்டப் பாறையெல்லாம் பொழுது போயும் அனலடிக்குது. வண்டி வேற பழசு. குளிர்ச்சியாத்தான் குடுக்கணும்."

அம்மாவும் தலையாட்டினாள். எனக்கு அதில் பொறாமையாகக்கூட இருந்தது. எனக்கு ஒரு ஐஸ் குச்சி கிடையாது, காருக்கு மூன்று குளிர்ச்சி.

பிளக்கின் நுனியில் இருக்கும் இடைவெளியைக் கடைக்காரர் அளந்து சரிசெய்து கொடுத்தார். மாட்டும்போது அம்மா யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொன்றையும் விரலாலேயே சுற்றி முடிந்தவரை இறக்கி, அதன் பிறகுதான் ஸ்பேனரை வைத்தாள். கார் கிளம்பியது. உதறல் இல்லை. மாமா பனியனைக் கழற்றிப் பிழிந்து, டீ கேட்டார்.

சில நாள் நன்றாக ஓடியது. வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மறுபடியும் உதறியது. வீட்டு வாசலை நெருங்கும்போது இருமி நின்றுவிட்டது. மாமாவுக்கு ஆள் அனுப்பினால், அவர் மேல்மலையனூர் பக்கம் அவசர வேலையாகப் போயிருப்பதாகப் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. வடக்கே வானம் கறுத்துக் கிடந்தது.

அம்மா தனியாகவே பிளக்கைக் கழற்றினாள். புதுப் பிளக்கின் நுனி முழுக்கக் கரி. ஈரமாக, பிசுபிசுவென்று, மசி போல. விரலில் தேய்த்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பிளக்கைப் பார்த்தாள்.

"இதுக்குச் சளி கட்டியிருக்குது பாப்பா," என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆமா. உன்ன மாரிதான். குளிர்ச்சி ஆவல. வேகமா ஓடுற வண்டின்னா இது சரி. நாமதான் ஊர்ந்துனே போறமே. சூடே ஏறல. ஏறுனாதான கரி எரியும்."

சொல்லிவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று அவளே சந்தேகப்பட்டதும் நினைவிருக்கிறது. படியில் உட்கார்ந்து அந்தப் பிளக்கை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, செஞ்சி பஸ்ஸில் ஏறினாள்.

கடைக்காரர் பார்த்ததுமே சிரித்தார். "மொதல்லயே அதத்தான்மா எடுத்து முன்னாடி வெச்சன். உங்க தம்பிதான் வெயிலு, பாறன்னு கத சொன்னாரு. உங்க வண்டிக்கின்னு வர்றதே சூடுதான்."

"சொல்லியிருக்கலாமேண்ணா."

"எங்க சொல்ல வுட்டாரு அவரு?"

சனிக்கிழமை மதியத்துக்குள் அம்மா மூன்றையும் மாற்றிவிட்டாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. காதை வைத்துக் கேட்டால்தான் ஓடுவது தெரிந்தது. எனக்கு வேலை முடிந்துவிட்டது. நான்கு மணிக்கு டிவியில் என் கார்ட்டூன்.

"ஏறு," என்றாள் அம்மா. "பிளக்கு நல்லா சூடாவணும். அப்பதான் சரியா எரியுதான்னு நெறத்துல தெரியும்."

பெரிய ரோட்டுக்கு வந்ததும் அவள் மூன்றாவது கியர் போட்டாள். கொஞ்ச தூரத்தில் நான்காவதும் போட்டாள். நான்காவது என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். வல்லம் ஊரைத் தாண்டினோம். பஸ் ஒன்று ஹாரன் அடித்து நெருக்கியபோது அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர வேகத்தைக் குறைக்கவில்லை. போகப் போகத் தனக்குள்ளே பேசிக்கொண்டும் வந்தாள். "இங்க வளைவு. இங்க வேகத்தட. இங்க லைட்டு இல்ல." காரிடம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திண்டிவனத்தில் அந்தக் குழந்தை டாக்டர் வீட்டு வாசலில் போய் நிறுத்தினாள். இறங்கவில்லை. கேட்டை, பக்கத்துச் சந்தை, சுவரில் இருந்த காலிங் பெல்லைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லியே" என்றேன், ஊசி போடுவார்களோ என்ற பயத்தில். "தெரியும்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினாள்.

எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்துக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. கார்ட்டூன் எப்போதோ முடிந்திருக்கும். அம்மா அங்கே வண்டியை வளைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, மறுபடியும் திண்டிவனத்தைப் பார்த்து ஓட்டினாள். நான் அழுதேன். அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. வளைவு, வேகத்தடை, லைட்டு இல்லை. மறுபடியும் அதே கேட். மறுபடியும் இறங்காமல் திரும்பினாள்.

மறுநாள் காலையில் நைனா வந்தபோது அம்மா ஒரு பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். நுனி வறுத்த வேர்க்கடலைத் தோலின் நிறத்தில், காய்ந்து, சுத்தமாக இருந்தது. நைனா பார்த்துத் தலையசைத்தார். ஆனாலும் அந்த ஆள் மதியம் வருவார், நல்ல விலை வரும்போது கொடுத்துவிடுவதுதான் புத்தி என்றார். அம்மா பிளக்கைத் திரும்ப மாட்டப் போய்விட்டாள்.

நான் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன். நைனாவின் மடியில் ஏறி என் புகாரைச் சொன்னேன்.

"நைனா, அம்மா நேத்து என்ன டிவி பாக்க வுடல. ரெண்டு தடவ டாக்டர் வூட்டு வாசல் வரிக்கும் ஓட்டினு போயி, உள்ளயே போவாம திரும்பி வந்துச்சு. இருட்டுல."

நைனா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு, போனை எடுத்து அந்த ஆளிடம் வண்டி கொடுப்பதாக இல்லை, வரவேண்டாம் என்றார். பிறகு வாசலுக்குப் போய், அம்மா பிளக்கை இறுக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

என் புகாரை அவர் விசாரிக்கவே இல்லை. அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு மழைக்காலம் முழுக்க இருந்தது.