பூவன்முக்கில் இடம் காணாமல் போன வரலாறு

பூவன்முக்குப் பஞ்சாயத்து ரைட்டர் ரசலையனுக்கு மலையாளம் தெரியும் என்பது ஊரறிந்த உண்மை. அவருக்குத் தெரிந்தது மலையாள எழுத்து மட்டும்தான், மலையாளம் அல்ல என்பது ஊர் அறியாத உண்மை.

எழுத்தைக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, அரிஷ்டக் குப்பி. வாயுத் தொல்லைக்காக எட்டு வருஷம் விடாமல் அரிஷ்டம் குடித்தவர் அவர். குப்பியின் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் சீட்டு ஒட்டியிருக்கும். அதை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் வாயு போகவில்லை, எழுத்து வந்துவிட்டது. கொல்லம் ஆயிரத்து நூற்று நாலாம் ஆண்டு பஞ்சாயத்து ஏற்பட்டபோது, மேலாபீசுக் காயிதங்களை வாசிக்க மலையாளம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ரசலையன் ஒரு பழைய குப்பிச் சீட்டை உரக்க வாசித்துக் காட்டினார். “பக்ஷணத்தினு சேஷம் ரண்டு நேரம்”, அதாவது சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வேளை, என்று அவர் முடித்ததும் சபை கைதட்டியது. வேலை கிடைத்தது.

ஆனால் மினிட் புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தது: ‘காயிதம் ஒன்றையேனும் ரைட்டர் தப்பாக வாசித்ததாகத் தெரிந்தால் அன்றைக்கே வேலை நீங்கும், அவ்விடத்தில் கிருஷ்ணமணி அமர்வார்.’ கிருஷ்ணமணிக்கு மலையாளத்தில் எழுத்தும் தெரியாது. ஆனால் அவர் தலைவர் பகவதியப்பனின் மச்சான். மச்சான் என்பதே தனி ஒரு பாஷை. அதை வாசிக்கப் படிப்பு வேண்டாம்.

அன்று முதல் மேலாபீசுக் காயிதம் வரும்போதெல்லாம் ரசலையனுக்கு வாயு கூடியது. தமிழ் மாதிரித் தெரிகிற வார்த்தைகளைப் பொறுக்கி, மிச்சத்தை மனோதர்மத்தால் நிரப்பி, மூன்று வருஷம் ஓட்டினார். கடவுள் கிருபையால் காயிதங்களில் பாதி ‘முந்தின காயிதத்துக்குப் பதில் எங்கே’ என்று கேட்பவை. அதற்கு எந்தப் பதிலும் பொருந்தும்.

இனி அந்த இடத்தைப் பற்றி. சந்தைக்கு மேற்கே, புளியமரத்து மூட்டில், பதினாலு சென்ட் பொதுப் புறம்போக்கு. அங்கே சந்தைக் கிணறு வெட்ட வேண்டும் என்று பஞ்சாயத்து மூன்று வருஷமாக மனு போட்டது. சந்தைக்கு வருகிற பெண்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ரசலையனின் மனைவி நேசம்மாளும் வியாழச் சந்தையில் புட்டும் பயறும் விற்பவள்தான். அரை மைல் நடந்து ஒரு குடம் கொண்டுவர வேண்டும். “கிணத்துக்கு மனு எழுதிய கையி ஒருநாள் குடம் தூக்கிப் பாக்கட்டும்” என்று அவள் அவ்வப்போது வாழ்த்துவாள்.

மனு போட்டுவிட்டு, கிணறு வருகிற வரைக்கும் இடம் சும்மா கிடப்பானேன் என்று பகவதியப்பன் தம் வைக்கோல்போரை அங்கே வைத்தார். போர் தனியாக நிற்கிறதே என்ற இரக்கத்தில் உறுப்பினர் செல்வதாஸ் பக்கத்தில் வண்டிக்கொட்டகை போட்டார். மீந்த மண்ணில் கிருஷ்ணமணி மரச்சீனிக் கிழங்கு நட்டார். பொதுமக்களுக்கு என்று மீந்தது ஒரு நாய் சுருண்டு படுக்கிற அளவு இடம். நாய் காலை நீட்டினால் ஆக்கிரமிப்பு.

இந்த நிலைமையில்தான் ஆயிரத்து நூற்று ஏழு பங்குனியில், ஒரு திங்கட்கிழமை, கிணற்று மனுவுக்குப் பதிலாக அந்தக் காயிதம் வந்தது. ஒரே வரி. சபை கூடியது. ரசலையன் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, வேதம் வாசிக்கிற குரலில் வாசித்தார்:

“அவசரம் உண்டாயால் ஸ்தலம் வந்நு காணாம்.”

“என்னவாம் ஓய்?” என்றார் பகவதியப்பன்.

ரசலையனுக்கு மெய்சிலிர்த்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மலையாளக் காயிதம் முழுக்கப் புரிந்தது! அவசரம் என்றால் அவசரம். ஸ்தலம் என்றால் இடம். வந்நு என்றால் வந்து. காணாம் என்றால், ஆட்டைக் காணாம், கோழியைக் காணாம் என்கிறோமே, அதேதான்.

“அவசரமா வந்து பாத்திருக்காவ,” என்றார் கணீரென்று. “இடத்தைக் காணாமாம்.”



“இடத்தைக் காணாமா? அது என்ன கோழிக்குஞ்சா, பிராந்து தூக்கிட்டுப் போவதுக்கு?” என்றார் செல்வதாஸ்.

“எப்ப ஓய் வந்தாவ? நம்மட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே!” என்றார் பகவதியப்பன்.

“சொல்லிட்டு வந்தா ஆய்வா தலைவரே? மாறுவேசத்துல வந்திருப்பாவ. போன சந்தையில கண்ணாடி போட்ட ஒரு ஆளு குடைக்கம்பு விலை கேட்டுட்டு நின்னாரே...” என்றார் ஓர் உறுப்பினர்.

அவ்வளவுதான். கண்ணாடி போட்ட ஆளை எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அவர் வைக்கோல்போரை ஒரு மாதிரியாகப் பார்த்தார் என்றார் ஒருவர். கொட்டகைத் தூணை எண்ணினார் என்றார் இன்னொருவர். பகவதியப்பன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சரித்திரப் பிரசித்தி பெற்ற அந்தத் தீர்மானத்தைச் சொல்லச் சொல்ல ரசலையன் எழுதினார்: ‘காணாமற்போன இடத்தை மூன்று நாளைக்குள் கண்டுபிடிப்பது.’ எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. தலைவர் கையெழுத்துப் போட்டார்.

பிறகு நடந்ததை நேரில் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். செவ்வாய் விடிந்ததும் பதினோரு வண்டிகள் வைக்கோலுக்கு வந்தன. “போருக்குக் காத்தோட்டம் வேணும்லா?” என்று கேளாதவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே பகவதியப்பன் இடுப்பு முண்டை மடித்துக் கட்டி, தாமே கட்டுத் தூக்கினார். கொட்டகை ஓடுகள் கைக்குக் கை பறந்தன. “மழைக்கு முன்னால பிரிச்சு மேயணும்னு ரொம்ப நாளா நெனப்பு” என்றார் செல்வதாஸ். மேய்வதற்கான அறிகுறி காணோம், பிரிப்பதுதான் தெரிந்தது. கிருஷ்ணமணியின் மரச்சீனி பாதி விளைச்சலில் பிடுங்கப்பட்டது. ஊர் முழுக்க மூன்று நாள் மரச்சீனிக் கிழங்கு. வாயு ரசலையனுக்கு மட்டும் என்ற நிலை மாறி ஜனநாயகம் வந்தது.

வேலையில்லாதவர்கள் வேலை செய்தார்கள். வேலையுள்ளவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பெண்கள் மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தூரும் கல்லும் சுமந்தார்கள். “மக்கா, இடம் வருது, இடம் வருது!” என்று கூச்சல். ஒரு சென்ட் தெரிந்தது, நாலு தெரிந்தது, எட்டு தெரிந்தது. புதன்கிழமை சாயங்காலம், கொட்டகையின் கடைசித் தூணைப் பிடுங்கிய குழியோரம், மயிலாடிக் கல்லில் கொத்திய எல்லைக்கல் மண்ணைத் தட்டிக்கொண்டு தலையைக் காட்டியது. ஓலை வெடி வெடித்தார்கள். பதினாலு சென்டும் பூமிக்கு மேலே இருந்தது! அத்தனை பெரிய இடம் நம் ஊரில் இருக்கிறதா என்று ஊரே வாயைப் பிளந்தது. நாய் நடுவில் போய் நாலு காலையும் நீட்டிப் படுத்தது.

ரசலையன் அன்றே பதில் எழுதினார். கேள்வி ஞானத்தில் பொறுக்கிய வார்த்தைகளால் கட்டிய மலையாளம்: ‘களஞ்ஞு போய ஸ்தலம் கிட்டி.’ தொலைந்துபோன இடம் கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை காலை அஞ்சல் பை பஸ் ஏறியது. ஏறிய பஸ்ஸிலிருந்துதான் ராகேல் நல்லமிளகுச் சாக்கோடு இறங்கினாள். வியாழந்தோறும் சந்தைக்கு வருகிற மார்த்தாண்டத்து வியாபாரி அவள். மலையாளத்தில் விலை சொல்லித் தமிழில் சண்டை போடுவாள். ரசலையன் பெருமை தாங்காமல் மேலாபீசுக் காயிதத்தை அவளிடம் நீட்டினார். அவள் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். சாக்கின் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“ரைட்டரே, மலையாளத்துல அவசரம்னா சந்தர்ப்பம். காணாம்னா பாக்கலாம். ‘சந்தர்ப்பம் கிடைச்சா இடத்தை வந்து பாக்கலாம்’னு எழுதியிருக்கு. இடத்தை எவனும் களவாண்டுட்டுப் போவல்ல!”

ரசலையனின் காதில் மினிட் புத்தகத்து வரி ஓடியது. ‘அன்றைக்கே வேலை நீங்கும்.’ அடுத்த கணம் அவரே ஓடினார். முண்டை ஒரு கையிலும் கண்ணாடியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, “நிறுத்தும் ஓய், காயிதத்தைத் தப்பா வாசிச்சிட்டேன்!” என்று கத்தியபடி, அப்போதுதான் புறப்பட்ட பஸ்ஸைப் பாலம் வரைக்கும் துரத்தினார். பஸ் புழுதியை மட்டும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிற்று. அந்தக் கத்தல் ஒரே ஒருவர் காதில் விழுந்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பறிகொடுத்த மரச்சீனியை நினைத்துக்கொண்டிருந்த கிருஷ்ணமணி.

“ஏட்டி, வேலை போச்சுட்டி” என்று நேசம்மாளின் புட்டுக்கடை முன்னால் உட்கார்ந்தார் ரசலையன்.

விஷயத்தைக் கேட்ட அவள் குழல் புட்டைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: “காயிதத்துல தப்பு இருக்கட்டும். எடத்துல இருந்த போரு நெசம்தானே? அதை எடுத்தாவளா இல்லியா? பொறவென்ன, தின்னும்.”

மேலதிகாரி இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் தொலைந்த பைல், தொலைந்த மாடு, தொலைந்த பாலம் எல்லாம் பார்த்தவர். தொலைந்த இடம் திரும்பக் கிடைத்ததாக ஒரு காயிதமும் அவருக்கு வந்ததில்லை. அதைப் பார்க்காமல் ஓய்வு பெறுவதா? சந்தர்ப்பம் உண்டாகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமையே, சந்தை நிரம்பி வழிகிற பத்து மணிக்கு, குடையும் கண்ணாடியுமாக வந்து இறங்கினார். ஆலப்புழைப் பக்கத்துக்காரர்; தமிழ் கேட்டால் ஓரளவு புரியும், பேச வராது. அவர் பேசுகிற மலையாளம் கால்வாயில் வெள்ளம் வந்த மாதிரி. காலை வைத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். மொழிபெயர்க்க ரசலையனை முன்னே தள்ளினார்கள்.

“ஸ்தலம் எங்ஙனெயாணு களஞ்ஞு போயது?” என்று கேட்டார். இடம் எப்படித் தொலைந்தது?

ரசலையன் வாயைத் திறப்பதற்குள் கிருஷ்ணமணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “தொலையவே இல்ல! இந்த ஆளு காயிதத்தைத் தப்பா வாசிச்சிட்டாரு. பாலத்துல வச்சு அவரு வாயாலயே கத்தினதை நான் கேட்டேன். இவருக்கு மலையாளம் தெரியாது! ஓய் ரைட்டரே, அதை அப்படியே அதிகாரிட்டச் சொல்லும்!”

ரசலையன் மனைவியைப் பார்த்தார். பிறகு வாழ்க்கையில் பிழையே இல்லாத முதல் மலையாள வாக்கியத்தைச் சொன்னார்:

“எனிக்கு மலையாளம் அறிஞ்ஞுகூடா.”

அதிகாரி குடையை ஊன்றி நின்றார். காயிதத்தை வாங்கிப் பார்த்தார். தான் எழுதிய வரியையும், அது தமிழில் எப்படிக் கேட்டிருக்கும் என்பதையும் மெல்ல மெல்ல உதட்டில் சொல்லிப் பார்த்தார். மீசை துடித்தது. பிறகு இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். போர் இருந்த வட்டத்தில் புல் வெளுத்துக் கிடந்தது. ஆறு தூண் குழிகள் வாயைத் திறந்திருந்தன. பிடுங்காமல் விட்ட மரச்சீனித் தூர்கள் சில இன்னும் மண்ணில் நின்றன. குடை நுனியால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, சாவதானமாக ஏதோ சொன்னார். ரசலையன் ராகேலைப் பார்த்தார். ராகேல்தான் சாக்கை விட்டு எழுந்து வந்து உரக்கச் சொன்னாள்:

“சாரு கேக்காரு. ரைட்டர் வாசிச்சது தப்புன்னா, இடம் தொலையல்ல. அப்ப இந்த வட்டமும் குழியும் தூரும் ஆருக்குள்ளதுன்னு பேரு பேரா எழுதணுமாம். ரைட்டர் வாசிச்சது சரின்னா, இடம் தொலைஞ்சது, கிட்டிச்சு, கிணறு வெட்டலாமாம். ரெண்டுல எதுன்னு தலைவரு சொல்லட்டுமாம்.”

பகவதியப்பன் வட்டத்தைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். அதிகாரி பேனாவைத் திறப்பதைப் பார்த்தார்.

“ஏலே கிருஷ்ணமணி, வாயை மூடுலே!” என்று கர்ஜித்தார். “ரைட்டர் வாசிச்சதுதான் சரி. இடம் காணாமத்தான் போச்சு. மூணு வருசமா நானே தேடிட்டில்லா இருந்தேன்!”

“நானும்தான்” என்றார் செல்வதாஸ், தூண் குழி ஒன்றின் மேல் காலை வைத்து மறைத்துக்கொண்டு.

சந்தை சிரித்த சிரிப்பில் புளியமரத்துக் காக்கைகள் எழும்பின. அதிகாரி குடை நுனியால் வெளுத்த வட்டத்தின் சரி நடுவில் ஒரு கோடு கிழித்து, கிணறு இங்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகிறபோது ரசலையன் தோளைத் தட்டி எதையோ கேட்டார். மலையாளம் எங்கே படித்தீர் என்று கேட்டதாக ராகேல் சொன்னாள். அரிஷ்டத்தின் பெயரைச் சொன்னார் ரசலையன். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அவருக்கும் வாயு உண்டாம்.

ஆடி மாதம் பன்னிரண்டாம் கோல் ஆழத்தில் தண்ணீர் வந்தது. முதல் வாளியை நேசம்மாள் இறைத்து ராகேலுக்குக் கொடுத்தாள். மினிட் புத்தகத்தின் வரி அடிக்கப்படவில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை. அதற்குப் பின் ரசலையன் பத்தொன்பது வருஷம் ரைட்டராக இருந்தார். ஒரு காயிதத்தையும் தப்பாக வாசிக்கவில்லை. மேலாபீசுக்கு ஒரே ஒரு குறை: பூவன்முக்குப் பஞ்சாயத்தின் பதில் எதுவானாலும் வியாழக்கிழமை கழிந்துதான் புறப்படுகிறது, உறையைப் பிரித்தால் தும்மல் வருகிறது, உள்ளே நல்லமிளகு மணம்.