சண்முகத்தாய் அக்காவின் பிஸ்டலும் மூன்று ஸ்பிரிங்குகளும்

துப்பாக்கி ரிப்பேர்க் கடை என்று போர்டு மாட்டினால், பாதிப் பேர் எதிர்ச்சாரியில் நடப்பார்கள். மீதிப் பேர் உள்ளே வந்து சினிமாவில் பார்த்ததை வைத்து நமக்கே பாடம் எடுப்பார்கள். ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்த்துவிட்டு வந்து, லைசென்ஸ் வாங்கிக் கோவில்பட்டியில் கடை போட்ட நாளாக இதுதான் என் பிழைப்பு. மிக்ஸி, மோட்டார், செல்போன் என்று எதையாவது கழற்றி மாட்டிப் பிழைக்கும் சகோதரர்களே, நீங்கள் படும் பாடுதான் நான் படுவதும். என்ன, என் கடைக்கு வரும் சாமான் வெடிக்கும்.

பூஜை போட்ட பிஸ்டல்

தீப்பெட்டி ஆலை நடத்தும் சண்முகத்தாய் அக்கா, ஆயுத பூஜை முடிந்த கையோடு வந்தார். கணவர் காலமான பின் ஆலையை அவர்தான் பார்க்கிறார். ஊருக்கு வெளியே, ஆலையை ஒட்டிய வீட்டில் தனியாக இருப்பவர் என்பதால் கணவரின் பிஸ்டலுக்கு அக்கா பேரிலேயே லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். "மேல் மூடி சரியா மூட மாட்டேங்கு அண்ணாச்சி. அப்புறம் ஃபிட்டர் என்னமோ பண்ணினான், இப்ப இழுக்கவே முடியல" என்று பையைத் திறந்தார்.

பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. மேலெல்லாம் சந்தனம், குங்குமம், குழல் வாயில் ஒரு சாமந்திப் பூ. தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு கழற்றினேன். ஸ்லைடு என்கிற அந்த மேல்பாகம் ஓடும் தடத்தில் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. இனிமேல் பூஜையை உறைக்குப் போடுங்கள் அக்கா, பிஸ்டலுக்கு வேண்டாம் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆலையில அத்தன மெஷினுக்கும் பூசுதேன், லாரிக்கும் பூசுதேன். அதுகள்லாம் ஒழுங்காத்தான ஓடுது, இதுக்கு மட்டும் என்ன கொள்ளை?"

ஃபிட்டரின் கைவேலை

சந்தனத்தைச் சுரண்டி எடுத்த பிறகும் ஸ்லைடை இழுக்க நானே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. ஆலை ஃபிட்டர் மாரியப்பனைக் கூப்பிட்டு விசாரித்தால், ஸ்லைடு மூடாததற்கு ஸ்பிரிங் தளர்ந்ததுதான் காரணம் என்று அவராகவே முடிவு செய்து, பெட்டி ஒட்டும் மெஷினின் ஸ்பிரிங் ஒன்றை நறுக்கி உள்ளே போட்டிருக்கிறார். பழைய ஸ்பிரிங் குப்பையோடு போயிற்றாம். அடுத்தவர் துப்பாக்கியில் கை வைப்பது குற்றம் என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மாரியப்பன் அசரவில்லை. கெட்டியான ஸ்பிரிங் போட்டால் பிஸ்டலுக்கு வேகம் கூடத்தானே செய்யும் என்று என்னையே கேட்டார்.

வேகமெல்லாம் கூடாது. சுட்டதும் ஸ்லைடு பின்னால் ஓடி, வெடித்த தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே வீசும். பிறகு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ள, அடுத்த தோட்டா உள்ளே ஏறும். ஸ்பிரிங் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் ஸ்லைடு பாதியிலேயே திரும்பிவிடும். வாயால் சொன்னால் ஏறவில்லை. அக்காவையும் அவரையும் ரைபிள் கிளப் மைதானத்துக்குக் கூட்டிப் போய் ஒரு தடவை சுட்டுக் காட்டினேன். காலிக் கூடு வெளியே வர முடியாமல் வாசலிலேயே நட்டுக்குத்தலாக மாட்டிக்கொண்டு நின்றது. மாரியப்பன் குனிந்து பார்த்தார்.

"மொதக் குண்டு நல்லாத்தான போச்சு அண்ணாச்சி? வாரது ஒரு களவாணிதான, ஒரு குண்டு போதாதா?"

சென்னைத் தீர்ப்பு

சரியான ஸ்பிரிங்குக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது அக்காவின் மகன் கதிரேசன் சென்னையிலிருந்து தீபாவளிக்கு வந்தான். ஆலையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை. என் கடையில் அம்மா ஸ்லைடை இழுக்க முடியாமல் திணறுவதைப் பார்த்ததும் அவனுக்குச் சாக்குக் கிடைத்துவிட்டது. மைதானத்தில் அம்மாவே இழுத்து, மேகசினில் இருக்கும் தோட்டா முழுவதையும் சுட்டுக் காட்டட்டும், சென்னைப் பேச்சை அத்தோடு விட்டுவிடுகிறேன், முடியாவிட்டால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு என்னோடு கிளம்ப வேண்டும் என்றான். அக்காவும் வீம்புக்குச் சரி என்றுவிட்டார். அவன் போன் பேச வெளியே போனதும் அவர் முகம் வாடிப்போயிற்று. எனக்கே சங்கடமாக இருந்தது.

"அந்த ஃபிளாட்டுல எனக்கு மூச்சு முட்டும் அண்ணாச்சி. எப்படியாவது இத என் கைக்கு ஆக்கித் தாங்க."

டீயில் விழுந்தது

இரண்டு ஸ்பிரிங்குகள் வந்தன. ஒன்று அந்தப் பிஸ்டலுக்கு உரியது. இன்னொன்று அக்காவுக்காக நான் சேர்த்துச் சொன்னது, அதைவிட லேசு. உரியதைப் போட்டால் அக்கா இரண்டு கையாலும் முக்கித்தான் இழுத்தார். லேசானது விரலுக்கு அடங்கியது. அதையே போடச் சொல்லி ஒரே பிடிவாதம். சரி, மைதானத்தில் பார்த்துவிடுவோம் என்று நானே சுட்டேன். ஸ்லைடு பின்னால் போய் மடார் என்று மோதியது. காலிக் கூடு பறந்துபோய்க் காவலாளியின் டீ டம்ளரில் விழுந்தது. திரும்பி வருவதற்கோ ஸ்பிரிங்கில் தெம்பில்லை. அடுத்த தோட்டாவைப் பாதி தள்ளியதோடு ஸ்லைடு நின்றுவிட்டது. காவலாளி டம்ளரைக் கவிழ்த்துக் கூட்டை எடுத்தார்.

"அண்ணாச்சி, ஒங்க ஆராய்ச்சி முடியட்டும், அதுக்கப்புறமா டீ வாங்கியாரேன்."

அம்மாவும் மகனும்

உரிய ஸ்பிரிங்கே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பிஸ்டலை நெஞ்சோடு சேர்த்து வைத்து, இடது கையால் ஸ்லைடைப் பற்றிக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னே தள்ளும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். காலையில் ஆலையைத் திறக்குமுன் வெறும் பிஸ்டலை வைத்து அக்கா பழகினார். கதிரேசன் ஊருக்குத் திரும்பும் நாளன்று மூவரும் மைதானத்துக்குப் போனோம். அக்கா ஒரே தள்ளில் ஸ்லைடை இழுத்துவிட்டு, மேகசின் முழுவதையும் சுட்டார். குறி என்று பார்த்தால் இலக்கு அட்டையின் ஓரமெல்லாம் பொத்தல்தான். ஆனால் எங்கும் சிக்கவில்லை. காலிக் கூடுகள் ஒழுங்காகப் பக்கத்தில் விழுந்தன. எனக்குக் கை தட்டிவிடலாம் போலிருந்தது.

ஸ்பிரிங்கை இளக்கிக் கொடுத்தால் யார்தான் சுடமாட்டார்கள் என்று கதிரேசன் பிஸ்டலை வாங்கினான். வாழைப்பழத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துச் சுட்டான். சிக்கியது. எடுத்துவிட்டேன். மறுபடி சுட்டான், மறுபடி சிக்கியது. மணிக்கட்டைத் தளர விட்டால் பிஸ்டலே சேர்ந்து பின்னால் போய்விடும், ஸ்லைடு முழுசாக ஓடாது. ஸ்பிரிங் சரியில்லை என்று அவன் என் பக்கம் திரும்பினான். நான் பதில் சொல்லுமுன் அக்கா பிஸ்டலை வாங்கி, சிக்கிய கூட்டை உதறித் தள்ளினார்.

"ஏலே கதிரு, ஸ்பிரிங்கு மேல குத்தம் சொல்லாத. உறுதியாப் பிடிச்சாத்தான் அது வேலை செய்யும். ஆலையையும் நான் அப்படித்தான் பிடிச்சிருக்கேன். ஒனக்கு ரயிலுக்கு நேரமாச்சு, கிளம்பு."

அன்று முதல் ஸ்பிரிங் சரியில்லை என்று வருகிறவர்களை முதலில் பிஸ்டலைப் பிடித்துக் காட்டச் சொல்கிறேன். என் ரிப்பேர் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது, வருமானமும்தான்.