நாக்கு மாமாவின் கணக்கில் வராத கொழுப்பு

பிஸ்கட் ஆலையில் எல்லோரும் அவரை நாக்கு மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி அடுக்க வந்தவர். பிஸ்கட்டில் வேறு யாருக்கும் தெரியாத, கெட்ட எண்ணெயின் சிக்கு வாடையை ஒருமுறை சொல்லிவிட்டதால், சூடாக பெல்ட்டில் வரும் பிஸ்கட்டைக் கடித்துப் பார்ப்பதே அவர் வேலையாகிப் போனது.

போன வருடம் நெஞ்சு வலித்தது. இதயக் குழாயில் அடைப்பு என்றார்கள். டாக்டரம்மா பொறுமையாகவே சொன்னார்.

"வெண்ணெய், கறிக்கொழுப்பு மாதிரி கட்டியா நிக்கிற கொழுப்பு, உங்களுக்கு ஒரு நாளைக்குப் பதிமூணு கிராமுக்கு மேல போகக் கூடாது. சமையல் எண்ணெய் அளவா இருக்கட்டும். மீன், பாதாம் இதுல இருக்கறது நல்லது. எண்ணெயை ஆலையில கெட்டியாக்கற கொழுப்பு, அதான் வனஸ்பதி, அது மட்டும் வேண்டவே வேண்டாம்."

மனைவி அன்றே வெண்ணெயை வீட்டைவிட்டுத் துரத்தினாள். கறியில் வெள்ளையாகத் தெரிந்ததையெல்லாம் பிய்த்தெறிந்தாள். எண்ணெய்ப் புட்டி அவள் கண்பார்வையைவிட்டு நகரவில்லை.

"தங்கத்தைக்கூட இப்படிக் காவல் காக்க மாட்டாங்க" என்றார் அவர்.

"தங்கம் இருந்தாத்தானே காக்கறதுக்கு!"

இன்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கெட்ட கொழுப்பு முன்பைவிட ஏறியிருந்தது. டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"பாவம்னு எதையாவது ஒளிச்சுவச்சுக் குடுக்கறீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. என் கையால ஒரு சொட்டு கூடுதலாப் போகல." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"வெளியில சாப்பிடறீங்களா?" என்று அவரிடம் கேட்டார்.

"பச்சத் தண்ணிகூடக் கிடையாது டாக்டர்." அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவள் ஓர் ஆப்பிளை எடுத்து நீட்டினாள். அவர் முகர்ந்தார். சிறிதாகக் கடித்து, நாக்கில் உருட்டி, விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏங்க, ஆலையிலயும் இப்படித்தானா? கடிச்சதைத் துப்பிடுவீங்கல்ல?"

"துப்பினா எப்படித் தெரியும்? கொழுப்போட குணமே தொண்டையில இறங்கின பிறகுதான்..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

"நாளெல்லாமா? அந்த பிஸ்கட்டுல வனஸ்பதிதானே?"

"அது சாப்பாடு இல்லம்மா. வேலை."

"உங்க நெஞ்சுக்கு அது தெரியுமா?"

அவர் கடித்த ஆப்பிளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "டாக்டர்கிட்ட சொன்னா அந்த வேலையை விடச் சொல்லுவாங்க. இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு இனிமே பெட்டி தூக்க முடியுமா? நாக்கை விட்டா என்கிட்ட என்ன இருக்கு?"

அவள் ஆப்பிளைப் பைக்குள் வைத்தாள்.

பஸ் வந்து நின்றது. அவள் கண் இன்னும் சிவந்தே இருந்தது. செய்யாத குற்றத்துக்கு, அதுவும் அவர் கண்ணெதிரிலேயே, பேச்சு வாங்கியவள். அவர் பஸ்ஸில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

"மெதுவாப் போங்க" என்றபடி அவளும் பின்னாலேயே வந்தாள்.